டிராக்டருக்கு ஒரு காத்து மெஷின்

டவுனில் இருக்கிற உங்களுக்குக் காத்து ஒரு பிரச்சினையே கிடையாது. பெட்ரோல் பங்குல வண்டியை நிறுத்தினா ஒரு பையன் வந்து நாலு சக்கரத்துக்கும் அடிச்சு விட்டுடுவான். அஞ்சோ பத்தோ கொடுத்தாலும் சரி, கொடுக்காட்டியும் சரி. எங்களுக்கு விஷயம் தலைகீழ். காத்து இறங்கின டிராக்டர் நடுவயல்ல நிக்கும். அதைப் பங்குக்கு ஓட்டிக்கிட்டுப் போக முடியாது, காத்துதான் அதைத் தேடி வரணும்.

அம்மாபேட்டை பக்கம் எங்க ஊர்ல பஞ்சர் கடை மெயின் ரோட்டுல இருக்கு. என் உள்வயலுக்கும் அதுக்கும் மூணு கிலோமீட்டர். பாய் நல்ல மனுசன், கூப்பிட்டா டிவிஎஸ்ல வருவாரு. ஆனா அவர் கொண்டுவர்றது டயர் லீவரு, பேட்ச், ரம்பம், சொல்யூஷன், அவ்வளவுதான். கம்ப்ரசர் கடைச் சுவத்தோட கட்டிப்போட்ட யானை மாதிரி அங்கேயே நிக்கும். அதனால சக்கரத்தைக் கழட்டி, இன்னொரு வண்டியில ஏத்தி, கடைக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து மாட்டணும். முன் சக்கரம்னா ஒரு ஆள் தூக்கிடலாம். பின் சக்கரத்தை மூணு பேர் உருட்டணும், அதுக்குள்ள தண்ணி ரொப்பியிருந்தா கேக்கவே வேண்டாம்.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான், சீமைக்கருவை முள்ளு. வாய்க்கா கரை பூரா அதுதான் நிக்குது. அடுப்புக்கு வெட்டுவாங்க, வெட்டின கிளையைப் பாதையில இழுத்துக்கிட்டு போவாங்க, முள்ளு சேத்துல அமுங்கிக் காத்துக்கிட்டிருக்கும். காஞ்ச முள்ளு ஆணி கணக்கா இறங்கும். அதுக்கடுத்து உடைஞ்ச பாட்டில். வரப்புல உக்காந்து குடிச்சிட்டு வயலுக்குள்ள வீசுறவங்களைப் பத்தி ஒரு தனிப் பதிவே எழுதலாம், எழுதினா கோபம்தான் வரும்.

ஆனா முள்ளுக்காக மட்டும் நான் காத்து மெஷின் வாங்கல. முள்ளு குத்தினா ட்யூப்பை வெளியே எடுத்து ஒட்டித்தான் ஆகணும். எங்க டயரெல்லாம் ட்யூப் டயர். உங்க கார் மாதிரி வெளியிலிருந்தே புழுவைச் சொருகி அடைக்கிற கதை இங்க கிடையாது. என்னை யோசிக்க வச்சது வேற ரெண்டு விஷயம்.

முதல் விஷயம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல ஒரு ராத்திரி. தை மாசம், சம்பா அறுப்பு. நெல்லோட டிரெய்லர் வரிசையில நிக்குது, மேல படுதா போட்டு மூடியிருக்கேன். மறுநாள் காலையில என் முறை. பனி கொட்டுது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாங்கல்லாம் அந்த 17ஐ கையில புடிச்சுக்கிட்டே தூங்குற ஆளுங்க. பன்னெண்டு மணிக்கு எழுந்து பாக்குறேன், டிரெய்லர் இடது சக்கரம் பாதி சப்பை. மெதுவாக் கசியிற முள்ளு. வரிசை நகரும்போது வண்டி நகரலைன்னா முறை போயிடும். பாரத்தோட சப்பைச் சக்கரத்துல நகர்த்தினா டயர் பக்கச் சுவரு கிழிஞ்சுடும்.

நெல் மூட்டை ஏத்த வந்த லாரி ஒண்ணு பக்கத்துல நின்னுச்சு. டிரைவர் சேலம் பக்கத்துக்காரர், என்னைவிட வயசு கம்மி. "என்னங்கய்யா, காத்தா?"ன்னு கேட்டுட்டு, சீட்டுக்குப் பின்னாடியிருந்து ஒரு ஓஸை எடுத்தாரு. லாரி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினாரு. பிரேக்குக்குன்னு லாரியில காத்து டேங்க் இருக்குமில்ல, அதுலேர்ந்து ஓஸைப் போட்டு என் சக்கரத்துல வச்சாரு. பீடி ஒண்ணு முடியறதுக்குள்ள டயர் நிமிந்துடுச்சு. காசு கொடுத்தேன், வாங்கல. "காத்துக்கு எதுக்குங்கய்யா காசு"ன்னுட்டாரு.

அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்த ஓஸையே நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த லாரி போற இடமெல்லாம் காத்தும் கூடவே போகுது. என் வண்டியிலயும் இன்ஜின் ஓடுது, பேட்டரி இருக்கு. காத்து மட்டும் மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

ரெண்டாவது விஷயம் உளுந்து. அதுதான் எனக்குப் பெருசு.

டெல்டாவுல சம்பா அறுக்கிறதுக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னாடி, நிக்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் வீசி விதைப்போம். வயல்ல மிச்சமிருக்கிற ஈரத்துல முளைச்சு, பனியைக் குடிச்சே வளந்து, பங்குனி சித்திரையில காசாகும். உழவு கிடையாது, தண்ணி பாய்ச்சுறது கிடையாது. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதுதான் வழக்கம். கையால அறுத்த காலத்துல ஆளுங்க கால் மட்டும்தான் பட்டுச்சு. இப்ப ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்துலேர்ந்து செயின் வண்டி வந்து அறுக்குது, பின்னாடியே டிரெய்லரோட டிராக்டர், அதுக்குப் பின்னாடி வைக்கோல் கட்டுற மெஷினோட இன்னொரு டிராக்டர். ரெண்டு இலை விட்டிருக்கிற உளுந்து மேல இத்தனையும் ஏறி இறங்கணும்.

செயின் வண்டி கூடத் தேவலை. எடை பெருசா இருந்தாலும் பட்டையா மிதிக்கிறதால பள்ளம் அவ்வளவு ஆழமா விழறதில்லை. டிராக்டர் பின் சக்கரம் விடுற தடம்தான் மோசம். ஈரமா இருந்தா ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் விழும். அதுல கசிவுத் தண்ணி நிக்கும், நின்ன இடத்துல உளுந்து அழுகிடும். காஞ்சதும் அந்தப் பள்ளம் சிமிட்டி மாதிரி இறுகிடும், மறு வருசம் குறுவைக்கு உழவு ஓட்டும்போது கொழு குதிக்கும்.

என் வயல்ல விழுந்தா என் தலைவிதி. ஆனா என் உள்வயலுக்குப் பாதை கிடையாது, பெரியப்பா வயலை மிதிச்சுத்தான் போகணும். டெல்டாவுல பாதி வயலுங்க நிலை இதுதான். அவருக்கு எழுபத்தெட்டு வயசு. நான் டிரெய்லரை அவரோட வயல்ல இறக்கும்போது வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. நான் போனப்புறம் தடத்தோட தடமா நடந்து பாப்பாருன்னு அவங்க வீட்டுல சொல்லித்தான் தெரியும். திட்டிட்டா நானும் ரெண்டு பேசிட்டுப் போயிடலாம். அவர் சும்மா நிக்கிறதுதான் தாங்காது.

இதுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சம்பந்தமே அங்கதான். டயருக்குள்ள காத்து எவ்வளவு அழுத்தமா இருக்கோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தோடதான் டயர் தரையை மிதிக்கும். காத்தைக் குறைச்சா டயர் அடிப்பக்கம் அகலமாப் படுக்கும், பாரம் பரவும், பள்ளம் குறையும். பொம்பளைங்க குதிகால் செருப்போட வயல்ல இறங்கினா என்ன ஆகும், வெறுங்காலோட இறங்கினா என்ன ஆகும், அந்தக் கணக்குதான்.

டிராக்டர் பின் டயருக்கு வயல்ல 12 பவுண்டு போதும். ரோட்டுல நெல்லோட டிரெய்லரை இழுக்கும்போது அந்த 12ல ஓட்டினா டயர் நெளிஞ்சு சூடாகும், பக்கச் சுவரு வெடிப்பு விடும், கட்டையும் சீக்கிரம் தேயும். அதுக்கு 20 கிட்ட வேணும். ஆக, ஒரே நாள்ல ஒரே டயருக்கு ரெண்டு அளவு. காத்தை இறக்குறது சுலபம், வால்வு பின்னை அமுக்கினா போதும். திரும்ப ஏத்துறதுக்குத்தான் வழி இல்லை. அதனால நாங்க எல்லாருமே ரோட்டுக்கான 20ஐ வச்சுக்கிட்டு வயல்லயும் இறங்குறோம். டயருக்கு நல்லது, மண்ணுக்குக் கெட்டது. டயருக்கு நாம காசு கொடுத்திருக்கோம், அதனால அதுக்குத்தான் மரியாதை.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபிடிச்சது இல்லை. டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான் முதல்ல இருந்துச்சு. 1932ல் அமெரிக்காவுல அலிஸ்-சாமர்ஸ் கம்பெனி ரப்பர் காத்து டயர் போட்ட டிராக்டரை விக்க ஆரம்பிச்சப்ப, சேத்துல இது வழுக்கும்னு விவசாயிங்க நம்பலையாம். அடுத்த வருசம் கார் பந்தயக்காரர் ஒருத்தரை வச்சு அந்த டிராக்டரை மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிக் காட்டினாங்க. உழவுக்கு எதுக்கு நூறு கிலோமீட்டர்னு எனக்குப் புரியல, ஆனா வியாபாரம் நடந்திருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா ராணுவம் 'டக்'னு ஒரு வண்டி வச்சிருந்துச்சு, தண்ணியிலயும் போகும், கரையிலயும் ஏறும். கடற்கரை மணல்ல ஏறும்போது டிரைவர் சீட்ல உக்காந்தபடியே டயர் காத்தைக் குறைப்பாரு, கெட்டி ரோடு வந்ததும் அங்கிருந்தே ஏத்துவாரு. வண்டியிலேயே கம்ப்ரசர். அதே ஏற்பாடு இப்ப ஐரோப்பாவுல பெரிய டிராக்டருங்கள்ல வருது, பட்டனைத் தட்டினா போதும். அந்த டிராக்டர் விலைக்கு எங்க தெருவையே வாங்கலாம்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். என்னோடது 45 குதிரைத்திறன் வண்டி, செகண்ட்ஹேண்ட்ல வாங்கினது. பின் டயர் 13.6-28. இதுக்கு என்ன கம்ப்ரசர் வாங்குறதுன்னு தேட ஆரம்பிச்சேன். அந்த நேரம் பாத்து சென்னையில இருக்கிற அக்கா மகன் தார் ஜீப் வாங்கிட்டான். மணல்ல, மலையில ஓட்டுற கூட்டத்தோட சனி ஞாயிறு போறான். மணல்ல இறங்கும்போது 18 பவுண்டுக்குக் குறைச்சுட்டு, ரோடு ஏறும்போது 32க்கு ஏத்துவாங்களாம். "மாமா, உங்களுக்கும் எனக்கும் ஒரே பிரச்சினைதான்"னான். அவன் பொழுதுபோக்குக்கும் என் பிழைப்புக்கும் ஒரே மருந்து. சிரிப்பா இருந்துச்சு, ஆனா உண்மைதான்.

அவன் ஒரு சின்ன பம்ப் கொண்டுவந்து காட்டினான். சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுறது. டப்பா மேல பெருசா '150 பிஎஸ்ஐ'ன்னு போட்டிருந்துச்சு. பிஎஸ்ஐன்னா நாம பஞ்சர் கடையில சொல்ற அதே பவுண்டுதான். 150 பவுண்டுன்னா ஆளு மிரளுவான். ஆனா என் டயருக்கு வேணுங்கிறதே 20. நூத்தம்பதை வச்சு நான் என்ன செய்ய? ஒரு மோட்டார் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி தள்ளும்னு மட்டும் சொல்லி வித்தா வாங்குவோமா? ஒரு மாவுக்குப் பாய எத்தனை மணி நேரம் ஆகும்னுதானே கேப்போம். காத்துக்கும் அதே கேள்விதான். நிமிசத்துக்கு எத்தனை லிட்டர்?

டப்பா மேல லிட்டரும் போட்டிருப்பாங்க, சின்ன எழுத்துல. அதை நம்புறதுக்கு முன்னாடி நான் ஒரு வேலை செஞ்சேன். போர்செட் தொட்டியில 20 லிட்டர் தண்ணி கேனை முழுக்க அமுக்கி ரொப்பி, வாயைக் கீழ்ப்பக்கமாத் திருப்பிப் புடிச்சுக்கிட்டேன். பம்ப் ஓஸை அதுக்குள்ள விட்டு மாப்பிள்ளையை ஓட்டச் சொன்னேன். காத்து குமிழ் குமிழா மேல ஏறி, தண்ணியைத் தள்ளி, கேன் காலியாகுற நேரத்தைப் பாத்தோம். அவனோட பம்புக்கு ஒரு நிமிசம் 40 செகண்ட். அதாவது நிமிசத்துக்கு 12 லிட்டர்.

அப்ப எனக்கு எவ்வளவு வேணும்? இந்தக் கணக்கு ரொம்பச் சுலபம், எட்டாவது படிச்ச பிள்ளை போடும். நம்மைச் சுத்தியிருக்கிற காத்தோட அழுத்தமே ஏறக்குறைய 15 பவுண்டு. அதனால ஒரு டயர்ல 15 பவுண்டு ஏத்துறதுன்னா, அந்த டயர் கொள்ளுற அளவுக்கு இன்னொரு மடங்கு காத்தை உள்ள திணிக்கிறதுன்னு அர்த்தம். என் பின் டயர் உள்ள சுமார் 210 லிட்டர். 12லேர்ந்து 20க்கு ஏத்தணும்னா 8 பவுண்டு, கிட்டத்தட்ட பாதி. ஒரு டயருக்கு 110 லிட்டருக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு டயருக்கும் சேத்து 230 லிட்டர்னு வச்சுக்கலாம். மாப்பிள்ளையோட ஜீப்புக்குப் போட்டுப் பாத்தோம். ஒரு டயர் சுமார் 60 லிட்டர், 18லேர்ந்து 32ன்னா 14 பவுண்டு, நாலு டயருக்கும் சேத்து அதே 230 லிட்டர் கிட்ட வந்து நின்னுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அவனோட சின்ன பம்புல இதை ஏத்த 20 நிமிசம் ஓடணும். அது 10 நிமிசம் ஓடினா அடுப்பு மாதிரி கொதிக்கும், ஆறவிடணும். ஆக அரை மணிக்கு மேல. அறுப்பு வண்டி வாடகை மணிக்கு ரெண்டாயிரத்துக்கு மேல ஓடிக்கிட்டிருக்கும்போது, காத்துக்காக அரை மணி நேரம் வரப்புல நிக்க எந்த சம்சாரியும் நிக்க மாட்டான். நிக்க முடியாத மெஷினை வாங்கினா ரெண்டாவது நாளே அது வீட்டுப் பரண்ல ஏறிடும்.

இங்க தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை. பின் டயர்ல முக்கால் பங்கு தண்ணி ரொப்புறது எங்க வழக்கம், எடைக்காக, இழுவைக்காக. 13.6-28ல் 150 லிட்டருக்கு மேல போகும். தண்ணி இருந்தா காத்துக்கு இடம் கொஞ்சம்தான், அதனால சீக்கிரம் ஏறிடும். அடடா, சின்ன பம்பே போதுமேன்னு தோணும். ஆனா தண்ணியை அமுக்க முடியாது. தண்ணி நிறைஞ்ச டயர் காத்தைக் குறைச்சாலும் சரியாப் படுக்காது. எடையும் கூட. உளுந்துக்கு அது ரெட்டை அடி. நான் தண்ணியை இறக்கிட்டு, இழுவை வேணுங்கிறப்ப இரும்பு எடைக்கட்டு மாட்டிக்கிறேன். தண்ணியோட ஓட்டுறவங்க காத்து பாக்கும்போது வால்வு மேல் உச்சிக்கு வர்ற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வச்சுக்கணும், இல்லைன்னா மீட்டருக்குள்ள தண்ணி போயிடும்.

அடுத்து, பெல்ட்டுல ஓடுற கம்ப்ரசர். டிராக்டர் இன்ஜின் புல்லியிலேர்ந்து பெல்ட் போட்டு ஓட்டுறது, கூட ஒரு டேங்க். அறுப்பு வண்டிக்காரத் தம்பி ஒருத்தர் இதைத்தான் வாங்கச் சொன்னாரு. அவங்களுக்கு அது வேணும், ஒத்துக்கறேன். வைக்கோல் தூசி ரேடியேட்டர்ல அடைச்சு இன்ஜின் சூடாகிடும், ஒரு நாளைக்குப் பல தடவை காத்தடிச்சு ஊதணும். லிட்டர் கணக்குல பெல்ட் கம்ப்ரசரை எதுவும் தோக்கடிக்க முடியாது. ஆனா என் வண்டியில அதை மாட்டணும்னா லேத்துல பிராக்கெட் அடிக்கணும், புல்லி நேர்கோட்டுல நிக்கணும், ஆயில் பாக்கணும், டேங்கை எங்க வைக்கிறதுன்னு இடம் தேடணும். டேங்க் என்ன பெரிய அட்சயபாத்திரமும் இல்லை. 20 லிட்டர் டேங்க்ல 8 பார், அதாவது 116 பவுண்டு ரொப்பி வச்சிருந்தாலும், என் டயருக்கு அதுலேர்ந்து கிடைக்கிறது சுமார் 130 லிட்டர். ஒரு பின் டயரு முடியும், ரெண்டாவதுக்கு மறுபடி ஓட்டணும்.

டேங்க்ல இன்னொரு பயம். பழைய லாரி டேங்க் காயலாங்கடையில சல்லிசாக் கிடைக்குது. உள்ள துரு எவ்வளவு தின்னிருக்குன்னு வெளியிலேர்ந்து தெரியாது. காத்தை அமுக்கும்போது தண்ணி பிரிஞ்சு அடியில நிக்கும், தினம் திறந்து வடிக்கலைன்னா உள்ளேர்ந்தே அரிக்கும். பாதுகாப்பு வால்வு வேலை செய்யாத டேங்க் சீட்டுக்கு அடியில இருக்குன்னா, குண்டு மேல உக்காந்து உழவு ஓட்டுறதுக்குச் சமம். கேஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டி டேங்க் செய்யுறவங்களையும் பாத்திருக்கேன். செய்யாதீங்க, செய்யுறவங்க பக்கத்துலயும் நிக்காதீங்க. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வச்சு செஞ்சு தர்றேன்னு ஒரு மெக்கானிக் சொன்னாரு. அது சத்தமில்லாம ஓடும், அழுத்தமும் வரும், ஆனா லிட்டர் வராது, போதாக்குறைக்கு எண்ணெயையும் சேத்துத் துப்பும். எண்ணெய் ரப்பருக்கு ஆகாது.

எங்க ஊர் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் பழைய பெட்ரோல் ஜீப் கதை சொன்னாரு. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில ஒரு சின்ன பம்பைத் திருகி, மிச்ச சிலிண்டர்ல இன்ஜினை ஓட விட்டு காத்தடிப்பாங்களாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. டீசல் வண்டியில ஸ்பார்க் பிளக்குக்கு எங்க போறது?

கடைசியில நான் எடுத்தது ரெண்டு சிலிண்டர் வச்ச 12 வோல்ட் கம்ப்ரசர். லைட்டர் ஓட்டையில சொருகுறது இல்லை, நேரா பேட்டரியில கவ்வுறது. விலை சின்ன பம்பைப் போல மூணு மடங்கு. கடைக்காரர்கிட்ட மூணு கேள்விதான் கேட்டேன். நிமிசத்துக்கு எத்தனை லிட்டர்? எத்தனை நிமிசம் நிக்காம ஓடும்? எத்தனை ஆம்பியர் இழுக்கும்? முதல் கேள்விக்கு டப்பாவைப் பாத்து 70னாரு. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. எதிர்ப்பே இல்லாம வெறும் காத்துல ஊதுறப்ப வர்ற லிட்டர் வேற, டயருக்குள்ள அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்போது வர்ற லிட்டர் வேற. ஆஸ்திரேலியாவுல பாலைவனத்துல ஓட்டுறவங்களுக்குச் செய்யுற ஏஆர்பி மாதிரி கம்பெனிங்க ரெண்டையும் தனித்தனியாச் சொல்றாங்க. நம்ம கடையில கிடைக்கிறதுல ஒண்ணுதான் இருக்கும், அது வெறும் காத்துக் கணக்காத்தான் இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அதே கேன், அதே தொட்டி. 20 லிட்டர் 21 செகண்ட்ல காலி. நிமிசத்துக்கு 57. டப்பாவுல போட்ட 70 வரல, ஆனா சின்னதைப் போல நாலரை மடங்குக்கு மேல. எனக்கு அது போதும்.

இது 25 ஆம்பியர் இழுக்குது. டிராக்டர் ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர், அதனால இன்ஜினைக் கொஞ்சம் ஆக்சிலேட்டர் வச்சு ஓடவிட்டுத்தான் காத்தடிக்கிறேன். இன்ஜினை அணைச்சுட்டு அடிச்சா பேட்டரி இறங்கி, காத்து ஏறின டிராக்டரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டி வரும். பேட்டரியிலேர்ந்து தனியா 6 ஸ்கொயர் எம்எம் தாமிர வயரு, பேட்டரி முனையை ஒட்டியே ஒரு 40 ஆம்பியர் ஃப்யூஸ். வைக்கோல் நடுவுல வேலை செய்யுற வண்டி இது, வயரு சூடாச்சுன்னா வயலே போயிடும். எலக்ட்ரீஷியன் தம்பி ஃப்யூஸ் எதுக்குங்கன்னு கேட்டாரு. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கல.

மாட்டுறதுக்கு இடம் தேடினதுதான் பெரிய பாடு. சேறு தெறிக்காத இடம் டிராக்டர்ல எங்க இருக்கு? கேஜ் வீல் மாட்டி சேத்து உழவு ஓட்டினா டிரைவர் தலைமுடி வரைக்கும் சேறுதான். கடைசியில வலது மட்கார்டு மேல, உள்பக்கமா, மூடி வச்ச ஒரு இரும்புப் பொட்டி அடிச்சு அதுக்குள்ள வச்சேன். பக்கவாட்டுல ஓட்டை, மேல ஓட்டை கிடையாது. ஓடும்போது மூடியைத் திறந்து வச்சுடணும், இல்லைன்னா அதோட சூட்டுல அதுவே வெந்துடும். கூட வந்த சுருள் ஓஸ் டிரெய்லர் பின் சக்கரத்துக்கு எட்டல. பத்து மீட்டர் நல்ல ரப்பர் ஓஸ் தனியா வாங்கினேன். கம்ப்ரசர் வாயில நேரா பிளாஸ்டிக் ஓஸ் மாட்டக்கூடாது, அங்க சூடு அதிகம், உருகிடும்.

கம்ப்ரசரைவிட முக்கியமா ஒண்ணு வாங்கினேன், நல்ல காத்து மீட்டர். பம்போட வர்ற மீட்டர்ல 12க்கும் 16க்கும் வித்தியாசம் தெரியாது, முள்ளு சும்மா ஆடும். 150 வரைக்கும் கோடு போட்ட மீட்டர்ல 12ஐப் பாக்கிறது மூட்டை எடை போடுற தராசுல வெத்தலை நிறுக்கிற மாதிரி. 60 வரைக்கும் மட்டும் போட்ட மீட்டர் தனியா வாங்கினேன். 12க்குக் கீழ ஒரு பவுண்டு கூட இறக்குறதில்லை. நைலான் டயர், ட்யூப் வச்சது, ரொம்ப இறக்கினா இழுவையில ரிம்மு உள்ள சுத்தும், டயர் அப்படியே நிக்கும், வால்வு வேரோட அறுந்துடும்.

இந்தத் தையில முதல் தடவையா அப்படிச் செஞ்சேன். காலையில வரப்புல நிறுத்தி ரெண்டு பின் டயரையும் 12க்கு இறக்கினேன், டிரெய்லர் டயரையும் வெறும் வண்டிக்குத் தக்கபடி கொஞ்சம் குறைச்சேன். நெல்லை அரை பாரம் அரை பாரமா வெளியே எடுத்து, ரோட்டுக்குப் பக்கத்துல களத்துல கொட்டிச் சேத்து, அப்புறம் காத்து ஏத்தி முழு பாரமாக் கொள்முதல் நிலையத்துக்கு. பின் டயர் ரெண்டுக்கும் அஞ்சு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. டிரெய்லர் டயருக்குத்தான் நேரம் எடுக்குது. அதுக்கு அழுத்தம் நிறைய வேணும், கடைசிப் பத்து பவுண்டுக்கு மெஷின் முக்கி முனகுது, நடுவுல ஒரு தடவை ஆறவிட்டேன்.

பெரியப்பா வயல்ல தடம் விழாம இல்லை. எவ்வளவு காத்தைக் குறைச்சாலும் டிராக்டர் டிராக்டர்தான். ஆனா சாண் ஆழம் விழற இடத்துல நாலு விரக்கடைதான் விழுந்துச்சு. தடத்துல படுத்த உளுந்துல பாதி ஒரு வாரத்துல நிமிந்துடுச்சு. இந்த வருசம் பனியும் பதமா இருந்துச்சு, அறுப்பு நேரத்துல மழையும் இல்லை, அதனால எல்லாப் பெருமையையும் காத்துக்கே கொடுக்க மாட்டேன். ஈரமான ஒரு வருசத்துல பாத்தாத்தான் தெரியும்.

பெரியப்பா வழக்கம்போல வரப்புலதான் நின்னாரு. நான் வால்வைத் திறந்து காத்தை இறக்குறதைப் பாத்துட்டு, பஞ்சர்னு நினைச்சு, "பாயைக் கூப்பிடவா?"ன்னு கேட்டாரு. இல்ல பெரியப்பா, உங்க உளுந்துக்காகத்தான் இறக்குறேன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் குனிஞ்சு தடத்துல கையை வச்சு ஆழம் பாத்தாரு. "வடக்கால ஓரமாப் போ, அங்க கெட்டியா இருக்கும்"னாரு. இத்தனை வருசத்துல அவர் வயல்ல எங்க ஓட்டணும்னு எனக்கு வழி சொன்னது அன்னைக்குத்தான்.

வைக்கோல் கட்டுற மெஷின்காரங்ககிட்ட காத்தைக் குறைங்கன்னு சொன்னேன். "இறக்கினா யாருங்க ஏத்துறது?"ன்னாங்க. நான் ஏத்தித் தர்றேன்னு ஓஸை நீட்டினேன். ரெண்டு பேர் சம்மதிச்சாங்க, ஒருத்தர் வேண்டாம்னுட்டு அப்படியே இறக்கினாரு. அவர் போன தடம் இன்னும் தெரியுது. தினம் அவங்களுக்கு இது தேவைப்படுற வேலை, பெல்ட் கம்ப்ரசர் அவங்க வண்டியிலதான் இருக்கணும். வர்ற வருசம் எங்க தெருவுல நாலு பேர் சேந்து ஒரு மெஷின் வாங்கலாமான்னு பேச்சு நடக்குது. அப்படி வாங்கினா லேத்துக்காரர்கிட்ட பிராக்கெட் அளவு சொல்ற வேலை எனக்குத்தான் வரும்.